மத்தியானத்து மேடு

மேட்டை முதலில் கண்டுபிடித்தது சுருட்டைதான். காலையிலிருந்து திரையில் நீட்டிப் படுத்துக் கிடந்த பச்சைக் கோடு, சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் லேசாக எழும்பி, அப்படியும் இப்படியும் ஒரு நெளி நெளிந்து, மறுபடி இறங்கிப் படுத்துக்கொண்டது. எறும்புப் புற்று அளவுதான் இருக்கும். நேற்றும் இருந்தது, முந்தாநாளும் இருந்தது.

"அண்ணே, இங்க வாங்களேன். நம்ம கோட்டுக்கு மத்தியானமானா பசிக்குது போல."

அவள் அண்ணே என்று கூப்பிட்டது ஜீரோவை. பள்ளிக்கூடத்தில் வாங்கின பேர் இல்லை அது. தொழிலில் வாங்கினது. ஊரை விட்டு, ரயில் பாதையை விட்டு, கரண்டுக் கம்பங்களை எல்லாம் விட்டு விலகி வெட்டவெளியில் நிற்கிற மரக்கொட்டகை அது. உள்ளே ஆள் உயரத்துக்கு மரச் சட்டங்கள், அவற்றைச் சுற்றிச் சுற்றிச் செப்புக் கம்பி. அந்தக் கம்பியில் சரியான அளவு கரண்டு விட்டால், சட்டங்களுக்கு நட்ட நடுவில் ஒரு தேங்காய் அளவு இடத்தில் பூமியின் காந்தம் செத்துப்போகும். அந்த ஒன்றுமில்லாத இடத்தை உண்டாக்கிக் கொடுப்பதுதான் அவன் வேலை. அதனால் ஜீரோ. வீட்டில் பெண்டாட்டி மட்டும் கோபம் வந்தால் அந்தப் பேரை வேறு தொனியில் கூப்பிடுவாள்.

அந்த இடத்தில்தான் சுருட்டை கொண்டு வந்திருந்த கருவி உட்கார்ந்திருந்தது. தீப்பெட்டி அளவு. உள்ளே மோதிரம் மாதிரி ஒரு வளையம், அதன் மேல் தலைமுடியை விடச் சன்னமான கம்பிச் சுற்று. இதை ஒரு விண்கலத்தின் நீட்டின கை நுனியில் கட்டி, வருஷக்கணக்காகப் பயணம் போகிற தூரத்தில் இருக்கிற ஒரு நிலவுக்கு அனுப்பப் போகிறார்கள். அந்த நிலவு முழுக்கப் பனிக்கட்டி. பனிக்கு அடியில் உப்புக்கடல் இருந்தால் சுற்றியிருக்கிற காந்தம் கொஞ்சூண்டு மாறும். கோட்டில் ஒரு சின்ன மேடு எழும்பும். அவ்வளவுதான் அதன் வேலை, அந்த மேட்டைப் பார்த்துச் சொல்வது. ஆனால் இங்கே பூச்சியத்தில் உட்கார வைத்தால் கோடு தட்டையாக இருக்க வேண்டும். இங்கேயே மேடு காட்டுகிற கருவி அங்கே போய்க் காட்டினால் எவன் நம்புவான்?

சூடாக்கி ஒரு சோதனை ஓட்டம், உறைய வைத்து ஒரு ஓட்டம், திருப்பித் திருப்பி வைத்து ஓட்டங்கள். ஒவ்வொன்றும் விடிந்ததும் ஆரம்பித்தால் அந்தி வரை போகும். நடுவில் மேடு விழுந்தால் அன்றைய ஓட்டம் குப்பை. கருவியை எடுத்துப் போக இரண்டு வாரத்தில் வண்டி வருகிறது.

"யாரோ இரும்போட வர்றாங்க," என்றான் ஜீரோ.

"யாருண்ணே வருவா? நானு, நீங்க, வாசல்ல பல்செட்டுத் தாத்தா. நானா பிளாஸ்டிக் கிளிப்பு, பிளாஸ்டிக் செருப்பு. ஜிப்பு வெச்ச பேன்ட்டு போட்டே வருஷமாச்சு, எங்கம்மாவே கேக்கறாங்க உனக்கு எப்ப நல்ல துணி போட்டுக்கற வேலை கெடைக்கும்னு."

சந்தேகம் காவல்காரரின் கம்பி வைத்த பல்செட்டின் மேல் விழுந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு அறை. எல்லாருடைய கைபேசியும், வாட்சும், பெல்ட்டும் அங்கேதான் கிடக்கும். ஜீரோவின் பெண்டாட்டி தைக்கிற ஊசிகூட அந்த அறையில்தான், சிவப்பு நூலில் கட்டி ஆணியில் தொங்கும்.

"என் பல்லையா சொல்றீங்க?" காவல்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் இங்க வந்த நாள்லேருந்து இதே பல்லுதான். அப்பல்லாம் மேடும் இல்ல பள்ளமும் இல்ல. இந்தாங்க, வெச்சுக்கோங்க." கழற்றித் தட்டில் வைத்தார். "தாப்பாட்டுக்கு முன்னாதி குதுத்துதுங்க."

சுருட்டை சிரிப்பை அடக்க வெளியே ஓடினாள். மறுநாள் பல் தட்டில் இருந்தது. மேடு கோட்டில் இருந்தது.

அதற்கும் மறுநாள் ஜீரோ திரையை விட்டு அசையவில்லை. வெளியே தூறல். கொட்டகைக் கூரையில் அரிசி கொட்டுகிற மாதிரி சத்தம். கோடு மெல்ல எழும்ப ஆரம்பித்தது. அதே நேரம் பின்னால் ஜன்னலில் டொக் டொக்.

திரும்பினான். மகள் குருவி. தலையில் முக்காடு மாதிரி ஒரு துண்டு, கையில் அவனுடைய அலுமினிய டப்பா, இந்த வாரம் அவளாகவே எடுத்துக்கொண்ட வேலை. அவனைப் பார்த்துப் பல்லைக் காட்டினாள். வேலியில் எதுவோ பறந்து உட்கார்ந்தது, அதைப் பார்க்கத் தலையைத் திருப்பினாள். திரையில் கோடு நெளிந்தது. இந்தப் பக்கம் திரும்பினாள். கோடும் இந்தப் பக்கம் நெளிந்தது.

"அண்ணே," என்றாள் சுருட்டை, குரலே எழும்பாமல். "குருவியா?"

அவன் திரையையும் ஜன்னலையும் பார்த்தான். கொட்டகைக்குள் வருகிற ஒவ்வொருத்தர் சட்டைப் பொத்தானையும், மூக்குக் கண்ணாடித் திருகாணியையும் தடவிப் பார்க்கிற ஆள். மந்திரி வந்தபோது அவர் பேனாவையே பிடுங்கி வைத்தவன். சொந்தப் பெண்ணின் தலையை மறந்துபோயிருந்தான்.

குருவிக்கு ஆறு வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூளைக் காய்ச்சல் வந்து, பிழைத்தாள், காது போனது. காதோடு பேச்சும் ஒவ்வொரு வார்த்தையாக உதிர்ந்துவிட்டது. போன வருஷக் கடைசியில் ஆபரேஷன் செய்து, காதுக்குப் பின்னால் மண்டைத் தோலுக்கு அடியில் ஒரு சின்ன மெஷின் வைத்தார்கள். அதன் நடுவில் காந்தம். வெளியே காதில் மாட்டுகிற இன்னொரு மெஷின், அதிலிருந்து ஒரு வயர், வயர் நுனியில் காசு அளவு வட்டம். அந்த வட்டத்திலும் காந்தம். தலைக்குப் பக்கத்தில் கொண்டு போனால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் கேட்கும். வீட்டில் அதற்குப் பொத்தான் என்று பேர்.

"இப்ப என்னண்ணே, ரெண்டு வாரம்தானே. இந்தப் பக்கம் வர வேணாம்னு சொல்லிடுங்க," என்றாள் சுருட்டை. "நான் வேணா பொம்மைப் படம் வாங்கிட்டு வர்றேன்."

வர வேண்டாம் என்று சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை. வீடு கொட்டகைக்குப் பக்கத்திலேயே. கூப்பிட்டால் கேட்கிற தூரம். அதுவும் கொட்டகைக்காகவே கட்டின வீடு. செப்பு ஆணி, மரக்கட்டில், அலுமினியப் பாத்திரம், ஃபிரிட்ஜ் கிடையாது, வாங்கின பால் அன்றைக்கே தீர வேண்டும். பெண்டாட்டி நகரத்தில் விண்கலங்களுக்குப் பளபளவென்று தகட்டுப் போர்வை தைக்கிற பட்டறையில் வேலை பார்க்கிறாள். காலையில் அவளை ஏற்றிப் போகிற வேன் கேட்டுக்கு அந்தப்பக்கம் ரொம்ப தூரத்தில் நிற்கும், பொழுது சாய்ந்துதான் திரும்பும். பகல் முழுக்கக் குழந்தை அவன் பொறுப்பு. பேச்சு வந்த பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக ஏற்பாடு.

சுண்ணாம்பால் தரையில் ஒரு கோடு போட்டான். அதைத் தாண்டக் கூடாது என்று கையைக் காட்டிச் சொன்னான். குருவி கோட்டின் மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டு நின்று, "ப்பா!" என்று கத்தினாள். ஆபரேஷனுக்குப் பிறகு திரும்பி வந்த முதல் வார்த்தை அது. உள்ளே திரையில் மேடு இல்லை. ஆனால் அவள் முற்றத்தில் ஓடி விளையாடினால் கோடு குளிர் ஜுரம் வந்தது மாதிரி நடுங்கியது. உறைய வைத்த ஓட்டம் ஒன்று அதில் போனது.

அன்றைக்கு சாயங்காலம் மிச்சம் கிடந்த மரத்துண்டுகளை வைத்து ஒரு பெட்டி செய்தான். கைக்கு அடக்கமான பெட்டி, மூடிக்குச் செப்புக் கீல். தலைக்குள் இருப்பதை ஒன்றும் செய்ய முடியாது. வெளியே இருப்பதையாவது தள்ளி வைக்கலாம், குழந்தையையும் வீட்டுக்குள்ளேயே உட்கார வைக்கலாம். ஓட்டம் நடக்கும்போது மட்டும்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பெண்டாட்டியிடம் சொல்லவில்லை.

அதை ஒரு விளையாட்டாகப் பழக்கினான். வேன் போனதும் பெட்டியைத் திறந்து முழங்காலில் உட்காருவான். குருவி பொத்தானைப் பிடுங்கி உள்ளே போடுவாள். மூடி டப்பென்று மூடும், அவள் கண்ணைச் சிமிட்டுவாள், அவன் நெற்றியில் ஒரு முத்தம். அப்புறம் பெட்டியைக் கொண்டு போய்க் காவல்காரர் அறை அலமாரியில் வைத்துவிடுவான். குழந்தை படப்புத்தகத்தோடு ஜன்னலோரம். பொழுது சாய்ந்து, வேன் விளக்கு தெரிவதற்கு முன்னால், பொத்தான் தலைக்குத் திரும்பிவிடும்.

"பாப்பா நாள் பூரா சத்தமே இல்லாம இருக்கு சார்," என்றார் காவல்காரர் ஒருநாள். "முன்னல்லாம் என் ரூமுக்கு வந்து எதையாவது உளறிட்டு இருக்கும். நானும் பல்லக் காட்டி ஏதாவது சொல்லுவேன்."

"கொஞ்ச நாள்தான் பெரியவரே. வண்டி வந்துட்டுப் போயிடட்டும்."

"நான் ஒண்ணும் சொல்லல. சத்தம் இல்லன்னு சொன்னேன்."

கோடு தட்டையாகிக்கொண்டே வந்தது. சூட்டு ஓட்டம் தேறியது. கடைசியாக நாள் முழுக்க அசையாமல் வைத்துப் பார்க்கிற பூச்சிய ஓட்டம் மட்டும் பாக்கி.

அந்த ஞாயிற்றுக்கிழமை சூரியனில் ஏதோ கொந்தளிப்பு. அப்படி இருந்தால் பூமியின் காந்தமே ஆடும், ஓட்டம் வைக்க முடியாது. ஜீரோ கொட்டகையில் சும்மா கம்பி முனைகளைத் துடைத்துவிட்டு, மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தான். சமையலறை ஜன்னல் ஆவியில் மங்கியிருந்தது. உள்ளே பெண்டாட்டி பீங்கான் கத்தியில் வெங்காயம் அரிந்துகொண்டு, நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள். வீட்டில் இருக்கிற நாளெல்லாம் அவள் அப்படித்தான். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா சொன்னதை மந்திரம் மாதிரி பிடித்துக்கொண்டவள். காதை நாங்கள் வைத்துவிட்டோம், அதற்குள் பேச்சை ஊற்றுகிற வேலை உங்களுடையது, கண் விழித்ததிலிருந்து தூங்குகிற வரைக்கும் பொத்தான் தலையில் இருக்க வேண்டும், இந்த வயதைத் தவறவிட்டால் அப்புறம் சத்தம் கேட்கும் ஆனால் பேச்சு புரியாது என்று அந்தம்மா சொல்லியிருந்தாள்.

"இது என்ன? வெங்காயம். சொல்லு பாப்போம்."

"வெங்... யம்."

"அடி என் தங்கம்! வெங்காயம் என்ன பண்ணும்? கண்ணு எரியும். அம்மாவைப் பாரு, அழுவறா. எதுக்கு அழுவறா? சும்மா அழுவறா."

குருவி சிரித்தாள். அடுப்பில் எண்ணெய் சூடாகி, வெங்காயம் விழுந்து சுர்ரென்றது. அந்தச் சத்தத்துக்கு அவள் தலையைத் திருப்பினாள். சத்தத்துக்குத் தலை திரும்புவதைப் பார்க்கிற சந்தோஷம் அந்த வீட்டுக்கு இன்னும் பழசாகவில்லை.

ஜீரோ கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான்.

குருவி அவனைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. கை தானாகத் தலைக்குப் போனது. பொத்தானைப் பிடுங்கினாள், காது மெஷினையும் உருவினாள். பெட்டி எங்கே என்று அவன் கையைப் பார்த்தாள். இல்லை. உள்ளங்கையில் பொத்தானை வைத்து அவனிடம் நீட்டினாள். கண்ணைச் சிமிட்டினாள். நெற்றியைக் காட்டினாள்.

அடுப்பில் வெங்காயம் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. குழந்தை அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"என்ன இது?" என்றாள் பெண்டாட்டி.

"இல்ல..."

"எதுக்குக் கழட்டறா?"

"ஓட்டம் நடக்கறப்ப மட்டும்..."

"எதுக்குக் கழட்டறான்னு கேட்டேன். உங்களப் பாத்ததும் எதுக்குக் கழட்டறா?"

சொன்னான். மேட்டைச் சொன்னான், சுண்ணாம்புக் கோட்டைச் சொன்னான், பெட்டியைச் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது வேறு யாரோ செய்த காரியம் மாதிரி கேட்டது. அவள் அடுப்பை அணைத்தாள். குழந்தையின் கையிலிருந்து பொத்தானை வாங்கி, முடியை ஒதுக்கி, தலையில் வைத்தாள். டக்.

"எவ்வளவு நேரம்?"

"காலைல ஓட்டம் ஆரம்பிச்சா... முடியற வரைக்கும்."

"பகல் பூரா." அவள் பலகையில் உட்கார்ந்தாள். "அந்தம்மா போன வாரம் கேட்டாங்க, ஏன் இவ பின்னாடி போறான்னு. வீட்ல யாராவது பேசறீங்களான்னு கேட்டாங்க. எனக்கு அவமானமா போச்சு. ஞாயித்துக்கெழமை தொண்ட வறள வறளப் பேசறேனே, எங்க தப்புன்னு பஸ்ல அழுதுட்டு வந்தேன். அன்னிக்கு நைட்டு உங்ககிட்டதானே சொன்னேன்? நீங்க என்ன சொன்னீங்க? சரியாயிடும்னீங்க."

"சரியாயிடும்தான். ரெண்டு மூணு நாள்ல வண்டி வந்துடும்."

"வண்டி வந்தா? இதோட ஜோடி ஒண்ணு அடுத்த மாசம் வரும்னு சுருட்டை சொல்லுச்சு. அது போனா இன்னொண்ணு வரும். இங்க எப்பவும் ஏதோ ஒண்ணு அந்தக் கூண்டுக்குள்ள உக்காந்துட்டுதான் இருக்கும்."

"என்னை என்ன பண்ணச் சொல்ற? மேடு விழுந்தா கருவிய ஒதுக்கிடுவாங்க. இத்தன பேரோட இத்தன வருஷ உழைப்பு. நீ தெச்ச போர்வைதானே அதுக்கும் போடப் போறாங்க?"

"நான் போர்வை தெச்சேன். காதைப் பிடுங்கல."

குருவி இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த நிலாவுல தண்ணி இருக்கா இல்லையான்னு உலகத்துக்கே சொல்லப் போறீங்க," என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "இங்க உங்க பொண்ணு தண்ணி வேணும்னு கேக்கத் தெரியாம டம்ளரத் தூக்கிக் காட்டறா. அது தெரியுமா உங்களுக்கு?"

அவனுக்குத் தெரியும். தினமும் டம்ளரைப் பார்த்து, சிரித்து, ஊற்றிக் கொடுத்தவன் அவன்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல," என்றாள். "லீவு போட்டிருப்பேன். அக்கா வீட்டுல விட்டிருப்பேன். ஆயிரம் வழி இருக்கு. ஒரு வார்த்த."

"நீ வேணாம்னு சொல்லியிருப்ப."

"ஆமா. சொல்லியிருப்பேன்."

பாதி வதங்கின வெங்காயத்தில் உருளைக்கிழங்கைப் போட்டு, உப்புப் போட மறந்து, மூன்று பேரும் சாப்பிட்டார்கள். மழை விட்டு விட்டுப் பெய்தது.

மறுநாள் காலை வேனுக்குப் போகும்போது அவள் கையில் பை இருந்தது, மறு கையில் குருவி. அக்கா வீடு பட்டறைக்குப் பக்கத்துத் தெரு. நான்கு பிள்ளைகள், நாள் முழுக்கச் சண்டையும் கூச்சலும். மேல் மாடியில் ஒரு மேளக்காரன் வேறு. "அங்க சத்தத்துக்குப் பஞ்சமில்ல," என்று மட்டும் சொன்னாள். ஜீரோ கேட் வரைக்கும் கூடப் போனான். குருவி அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். வெறுங்கை. ஏமாந்த மாதிரி உதட்டைப் பிதுக்கினாள். பெண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். பனியில் வேனின் பின்விளக்கு இரண்டு சிவப்புப் புள்ளியாகி, ஒன்றாகி, போனது.

"இன்னிக்கு ஓட்டம் உண்டா சார்?" என்று கேட்டார் காவல்காரர், வேறு எதுவும் கேட்கத் தெரியாமல்.

"உண்டு."

காற்றே இல்லாத நாள். சூரியனும் அடங்கிக் கிடந்தது. சுருட்டை வந்து உட்கார்ந்தவள், கொஞ்ச நேரத்திலேயே துள்ள ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணே, பாருங்கண்ணே! வழிச்சு விட்ட மாதிரி இருக்கு. இப்படி ஒரு கோட்ட நான் பாத்ததே இல்ல. படத்துல போடலாம்ணே. சட்டம் போட்டு மாட்டலாம்!"

அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். வெயில் ஜன்னல் கட்டையிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது. சாப்பாட்டு நேரம் நெருங்கியது. ஜன்னலில் யாரும் தட்டவில்லை. காவல்காரர் கதவுக்கு வெளியே டப்பாவை வைத்துவிட்டு, இருமி, போனார். திரையில் கோடு போய்க்கொண்டே இருந்தது, எந்த நெளிவும் இல்லாமல், எதையும் எதிர்பார்க்காமல்.

"இது வேலை செய்யுதா?" என்றான்.

"எது?"

"கருவி. உசுரோடதான் இருக்கா? ஒரு தடவை ஏதாவது பக்கத்துல கொண்டு போய்ப் பாக்கலாமா?"

"என்னண்ணே சொல்றீங்க? நல்லா வேலை செய்யறதாலதானே..." சுருட்டை திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் ஜன்னலைப் பார்த்தாள். "வீட்ல இல்லையா?" என்று கேட்டாள். அவன் இல்லை என்று தலையசைத்தான். அவள் அதன் பிறகு அந்தி வரை துள்ளவில்லை.

மறுநாள் வண்டி வந்தது. மரப்பெட்டிக்குள் பஞ்சு மெத்தை, அதற்குள் கருவி. வந்த அதிகாரி ஜீரோவின் கையைக் குலுக்கி, இவ்வளவு சுத்தமான பூச்சியம் இதுவரைக்கும் எந்தக் கருவிக்கும் வந்ததில்லை என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். சுருட்டையும் அதே வண்டியில் ஏறிப் போனாள். கொட்டகை நடுவில் ஒன்றுமில்லாத இடம் ஒன்றுமே இல்லாமல் இருந்தது. கரண்டை அணைத்தான். பூமியின் காந்தம் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

சாயங்காலம் காவல்காரர் அறைக்குப் போய்த் தன் கைபேசியை எடுத்தான். பெரியவர் நாற்காலியை அவனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, டீ வைக்கிற சாக்கில் மூலைக்குப் போனார். மணி அடித்தது. எடுத்ததும் முதலில் கேட்டது பிள்ளைகளின் கூச்சல், எங்கேயோ தம்தம் என்று மேளம்.

"போயிடுச்சா?" என்றாள் பெண்டாட்டி.

"போயிடுச்சு. நல்லா இருந்துச்சுன்னாங்க."

"ம்."

"அவ எப்படி இருக்கா?"

கொஞ்சம் தயங்கினாள். அப்புறம் அவளால் அடக்க முடியவில்லை. "நேத்து 'கதவு'ன்னு சொன்னா. யாரும் சொல்லிக் குடுக்கல. அக்கா பையன் கதவ மூடு கதவ மூடுன்னு கத்திட்டே இருந்தான், இவ எந்திரிச்சுப் போய் கதவுன்னுட்டா. அக்கா அழுதுட்டா. ராத்திரி தூங்கற வரைக்கும் கழட்டவே விடல. குளிக்கறதுக்குக் கழட்டினா ஒரே சண்டை."

"கதவா?" அவன் சிரித்துவிட்டான். எத்தனையோ நாளைக்குப் பிறகு. "கதவுன்னா சொன்னா? நான் வர்றேன். நாளைக்கே வர்றேன். லீவு கேட்டிருக்கேன்."

"வாங்க." குரல் கொஞ்சம் இளகியிருந்தது. "பேசறீங்களா அவகிட்ட? ஸ்பீக்கர்ல போடறேன். நிறைய பேசுங்க. வாய மூடாம பேசுங்க. இந்தா குருவி, இங்க வா. யாரு பாரு. யாரு பேசறா?"

காலடிச் சத்தம் ஓடி வந்தது. குழந்தையின் மூச்சு போனில் மோதியது.

"குருவி! அப்பா பேசறேன்டா! கதவுன்னு சொன்னியாமே? எங்க, அப்பாவுக்குச் சொல்லு. கதவு. சொல்லு பாப்போம். குருவி?"

மேளம் கேட்டது. மூச்சும் கேட்டது.

"குருவி? அப்பா பேசறது கேக்குதாடா?"

போனைக் காதோடு அழுத்தினான்.

"என்னாச்சு? லைன்ல இருக்கீங்களா?"

"கழட்டிட்டா," என்றாள் பெண்டாட்டி.

"என்னது?"

"உங்க கொரல் கேட்டதும் கழட்டிட்டா. கையில வெச்சுக்கிட்டு சுத்திச் சுத்திப் பாக்கறா." அவள் குரல் தூரமானது, மறுபடி கிட்டே வந்தது. "கட்டிலுக்கு அடியிலகூடக் குனிஞ்சு பாக்கறா. பெட்டியத் தேடறா போல."

மூலையில் டீ பொங்கி வழிந்தது. பெரியவர் அதைக் கவனிக்கவில்லை. சிவப்பு நூலில் ஊசி தொங்கிக்கொண்டிருந்த சுவருக்குப் பக்கத்தில், அலமாரியின் மேல் தட்டில், செப்புக் கீல் வைத்த பெட்டி மூடி திறந்தபடி இருந்தது.